பெரிய ரப்பர் மீனை வீசிக் கடலில் பெருமீன் பிடிக்க: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

கண்மாயில் விரால் பிடித்துப் பழகிய கையோடு கடலுக்கு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். செட்டிநாட்டில் கடல் இல்லை. தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போனால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் கண்ணைப் பறிக்கும் பெரிய ரப்பர் மீனை, அதாவது தூண்டிலில் இரையாகக் கோர்க்கும் பொம்மை மீனை, முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதற்கேற்ற தூண்டில் முள் இருக்காது. முள் இருந்தால் அதை வீசும் ராடு, அதாவது தூண்டில் கம்பு, இருக்காது. படகு ஆடும்போது மடியில் வைத்துக் கோணலாகக் கோர்ப்பார்கள். காலை முழுவதும் தோள் வலிக்க வீசுவார்கள். ஒரு மீனும் திரும்பிப் பார்க்காது.

இந்த வேலையில் பாதிக்கு மேல் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு படியின் அளவு அடுத்த படியைத் தீர்மானிப்பதால் இடையில் எதையும் தாண்டாதீர்கள்.

ரப்பர் மீன் என்று எல்லோரும் சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். உண்மையில் அது ரப்பர் இல்லை. பெரும்பாலானவை மென்மையாக்கிய பிவிசி பிளாஸ்டிக். இழுத்தால் ரப்பர் பேண்டு போல நீளும் வேறு வகையும் உண்டு. இந்த வேறுபாடு பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும்.

1. எந்த மீன், எந்தக் கடல் என்று முடிவு செய்யுங்கள்

நமக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கடல்கள். தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் பாக் விரிகுடா. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டின் குணமும் வேறு.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். சராசரி ஆழமே 10 மீட்டருக்குள்தான். அடியில் சேறும் மணலும், பல இடங்களில் கடல்தாழை எனப்படும் கடற்புல்லும். தண்ணீர் கலங்கலாக இருக்கும். தொண்டிக் கரையில் நின்று வீசினால் முழங்கால், இடுப்பு ஆழத்துக்குத்தான் இரை போய் விழும். பெரிய மீன் வேண்டுமென்றால் படகு வேண்டும். கரையில் நின்றே பெருமீன் பிடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், எந்த இடம், எத்தனை மீட்டர் ஆழம் என்று கேளுங்கள்.

இங்கே ரப்பர் மீனைக் கடிக்கும் பெரியவை: பாறை, வஞ்சிரம், ஊளி, கட்டா, கடல்விரால். முகத்துவாரங்களில் கொடுவா. கல்லும் பாரும் (கடலடிப் பாறைத் திட்டு) உள்ள இடத்தில் களவா. முதல் முறைக்கு இவற்றில் ஏதாவது இரண்டை மட்டும் மனத்தில் வையுங்கள். வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் பல் கத்திபோல் இருக்கும், கம்பி வேண்டும். பாறைக்கும் கொடுவாவுக்கும் கம்பி வேண்டாம், தடித்த தங்கூசி நரம்பு போதும். வஞ்சிரத்துக்கு வேகமாக இழுக்க வேண்டும், களவாவுக்கு அடியோடு மெதுவாக. எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடு என்று கிளம்பினால் எதற்கும் பொருந்தாத ஏற்பாடாகிவிடும்.

2. வாங்கும் வரிசை: முள் முதலில், ரப்பர் மீன் கடைசியில்

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வது இதைத்தான்.

பெரிய ரப்பர் மீனுக்கு உடம்பு தடிமன். முள்ளை அதற்குள் கோர்த்ததும் முள்ளின் வளைவுக்குள் இருக்கும் இடைவெளியில் பாதியைச் சதை அடைத்துக்கொள்ளும். மீதி இடைவெளிதான் மீனின் தாடையைப் பிடிக்க வேண்டும். அது போதாவிட்டால் மீன் கடிக்கும், கனம் தெரியும், ராடு வளையும், பிறகு வெறும் நூல் திரும்பி வரும். என் முதல் கடல்விரால் அப்படித்தான் போனது. படகின் பக்கத்தில் வந்து ஒருமுறை தலையை உதறியது, அவ்வளவுதான். முள்ளில் குறை இல்லை. இரைக்கு அது சிறிய முள்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவு: கோர்த்து முடித்த பின், ரப்பர் மீனின் முதுகுக்கும் முள்ளின் கூருக்கும் இடையே ஒரு பெருவிரல் தாராளமாக நுழைய வேண்டும். 15 முதல் 18 சென்டிமீட்டர் நீள இரைக்கு 7/0 அல்லது 8/0 எண் முள் பெரும்பாலும் பொருந்தும். 20 சென்டிமீட்டருக்கு மேல் போனால் 10/0. கம்பி தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய கம்பி முள்ளைப் பாறை மீன் நிமிர்த்திவிடும்.

முள்ளும் ஈயத்தலையும் சேர்ந்தே வருவதை ஜிக் ஹெட் என்று கேட்டு வாங்கலாம். பாக் விரிகுடாவின் ஆழத்துக்கு 30 முதல் 45 கிராம் ஈயம் போதும். பாம்பன் பக்கத்து நீரோட்டத்துக்கு அது பற்றாது. 60 கிராமாவது வேண்டும், இல்லையென்றால் இரை அடியைத் தொடாமலே மிதந்து போகும். கடல்தாழை மண்டிய இடத்துக்கு ஜிக் ஹெட் வேண்டாம். வயிற்றுப் பக்கம் ஈயம் வைத்து, கூர் முதுகில் படுத்திருக்கும் முள் வகை உண்டு. அதுவே சரி. ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கட்டுப் புல்லை இழுத்து வந்து பிடுங்கிக்கொண்டிருப்பது மீன்பிடிப்பு அல்ல, களையெடுப்பு.

இதற்குப் பிறகு ரப்பர் மீன். முதல் தடவைக்கு 15 முதல் 18 சென்டிமீட்டர் அளவில், துடுப்புவால் வைத்ததை வாங்குங்கள். துடுப்புவால் தானே ஆடும். நீங்கள் இழுப்பதில் தவறு இருந்தாலும் அது கொஞ்சம் மன்னிக்கும். வெறும் கூர்வால் வகைக்கு ஆட்டத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அது பழகியவர்களுக்கு. கலங்கல் தண்ணீருக்கு அடர்நிறம் ஒன்று, பளிச்சென்ற வெள்ளை அல்லது மஞ்சள் ஒன்று. தெளிந்த தண்ணீருக்கு மத்தி, கெண்டை போன்ற வெள்ளி நிறம் ஒன்று. நிறத்துக்காக இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். எங்கள் ஆச்சி ஒருமுறை பையைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்தப் பொம்மை வாங்கின காசுக்குச் சந்தையில் நல்ல மீனே வாங்கியிருக்கலாமே” என்றார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

3. ராடு, ரீல், நூல்

ராட்டின் கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் வரை வீசலாம் என்று அச்சிட்டிருக்கும். இரையின் எடையையும் ஈயத்தின் எடையையும் கூட்டிப் பாருங்கள். 18 சென்டிமீட்டர் ரப்பர் மீனும் 40 கிராம் ஈயமும் சேர்ந்தால் 80 கிராமைத் தாண்டுவது சாதாரணம். விராலுக்கு வாங்கிய ராட்டில் 30 கிராம் என்றுதான் போட்டிருக்கும். மீன் வருவதற்கு முன்பே, வீசும்போதே அது முறிந்துவிடும். அந்த முறிவுச் சத்தத்தைப் படகில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

படகிலிருந்து வீச 7 அடி ராடு, 100 கிராம் வரை தாங்குவது போதும். ரீல், அதாவது நூல் சுற்றும் கருவி, 6000 முதல் 8000 எண் அளவு. பிரெய்டு எனப்படும் பின்னல் நூல் 50 பவுண்டு இழுவை தாங்குவது, குறைந்தது 250 மீட்டர். ஆழம் குறைந்த கடலில் மீனால் கீழே இறங்க முடியாது. அதனால் தூரத்துக்கு ஓடும். பாறையும் வஞ்சிரமும் முதல் ஓட்டத்திலேயே 100 மீட்டர் எடுத்துவிடக்கூடும். ரீலில் பாதி நூல் மட்டும் இருந்தால் உங்கள் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பின்னல் நூலை நேரடியாக ரீலில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். முதலில் பத்துச் சுற்று தங்கூசி நரம்பு, அதன் மேல் பின்னல் நூல். சுற்றும்போது நூலை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தளர்வாகச் சுற்றிய நூல் பெரிய மீன் இழுக்கும்போது அடி அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

4. லீடரும் முடிச்சும்

பின்னல் நூல் உறுதியானது, ஆனால் கல்லிலோ செதிலிலோ உரசினால் நிற்காது. அதனால் இரைக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் தடித்த நரம்பு, அதாவது லீடர் வேண்டும். 80 பவுண்டு நல்ல நடுத்தரம். இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. லீடரை மடக்காமல் பின்னல் நூலை அதன்மேல் மாற்றி மாற்றி இருபது சுற்றுப் பின்னி இறுக்குவது. மெல்லிதாக இருப்பதால் ராட்டின் வளையங்களில் தட்டாமல் போகும். இறுக்கும்போது எச்சிலோ தண்ணீரோ தொட்டு இறுக்குங்கள். உலர்ந்து உரசினால் சூடாகி நூல் வலுவிழக்கும்.

இந்த முடிச்சைப் படகில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தினம் மூன்று முறை போட்டுப் பாருங்கள். போட்டதைக் கையில் துணி சுற்றி முழு பலத்தோடு இழுங்கள். வழுக்கினால் அறுத்துவிட்டு மறுபடி.

வஞ்சிரமோ ஊளியோ குறி என்றால் லீடரின் முனையில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு எஃகுக் கம்பி. அதைவிட நீளம் வேண்டாம். கம்பி நீண்டால் இரையின் ஆட்டம் செத்துவிடும்.

5. கோர்ப்பது

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு இரைக்குத்தான் சொல்கிறேன். மற்றவற்றில் தவறு செய்தாலும் சில நாள் அதிர்ஷ்டம் காப்பாற்றும். இதில் செய்தால் காப்பாற்றாது. கோணலாகக் கோர்த்த ரப்பர் மீன் தண்ணீரில் பம்பரம் போலச் சுழலும். சுழலும் எந்த உயிரையும் கடலில் மீன்கள் பார்த்ததில்லை. அது மட்டுமல்ல, ஐம்பது வீச்சுக்குள் நூல் முழுவதும் முறுக்கேறிச் சுருண்டுவிடும்.

முதலில் இரையே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வந்த கூட்டில் மடிந்து கிடந்த வால் வளைந்தே இருக்கும். கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் தானாக நிமிரும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சமதளமான பலகையில் கிடத்துங்கள்.

அடுத்து அளவெடுப்பது. ஜிக் ஹெட்டை ரப்பர் மீனின் பக்கவாட்டில், ஈயத்தலை மூக்குக்கு நேராக வரும்படி வையுங்கள். முள் வளையத் தொடங்கும் இடம் முதுகில் எங்கே வருகிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி. கூர் வெளியே வர வேண்டிய இடம் அதுதான். கண்ணளவில் கோர்க்கிறவர்கள் எல்லோரும் அரை விரற்கடை முன்னாலேயே கூரை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அப்போது ஈயத்தலைக்கும் முள்வளைவுக்கும் இடையில் சதை நெருக்குண்டு, முதுகு கூனிப்போகும்.

இப்போது கூரை மூக்கின் நட்டநடுவில் குத்துங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே, மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே. குத்தியதும் முள்ளைத் தள்ளாதீர்கள். முள்ளை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, ரப்பர் மீனை அதன்மேல் ஏற்றுங்கள். ஊசியில் பூ கோர்க்கும்போது ஊசி நிற்கும், பூ நகரும் அல்லவா, அதே மாதிரி. ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறியதும் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். உள்ளே போகும் முள்ளின் தடம் லேசாகத் தெரியும், அல்லது விரலால் தடவினால் புரியும். முதுகில் அச்சிலிருந்து வந்த மெல்லிய கோடு ஒன்று ஓடும். கூர் அந்தக் கோட்டின்மேல்தான், நீங்கள் வைத்த புள்ளியில்தான் வெளியே வர வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் பின்வாங்கி மறுபடி குத்துங்கள். ஆனால் ஒரே இரையில் மூன்று முறைக்கு மேல் குத்தாதீர்கள். துளை தளர்ந்து பிடிமானம் போய்விடும். அதைப் பழகுவதற்கென்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கூர் வெளியே வந்ததும் மூக்கை ஈயத்தலையோடு ஒட்டத் தள்ளுவதற்கு முன் நிறுத்துங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் உடனடிப் பசை ஒரு சொட்டு. பிறகு தள்ளி, முப்பது எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். பசை போடாவிட்டால் பத்து வீச்சில் இரை முள்ளின் வழியே கீழே இறங்கி, சட்டை கழன்ற பிள்ளைபோல் தொங்கும். ரப்பர் பேண்டு போல நீளும் வகைக்கு இந்தப் பசை பிடிக்காது. அதற்கு ஈயத்தலையின் கழுத்தில் மெல்லிய பின்னல் நூலைச் சுற்றிக் கட்டுவதுதான் வழி.

ஊளிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. ஊளி வாலைத்தான் வெட்டும். முன்னால் இருக்கும் முள்ளுக்கு அது வரவே வராது. ஈயத்தலையின் வளையத்திலிருந்து மெல்லிய கம்பி ஒன்றைப் பின்னால் விட்டு, அதன் முனையில் மூன்றுமுனை முள் ஒன்றைக் கட்டி, அதன் ஒரு கூரை மட்டும் ரப்பர் மீனின் வயிற்றில் லேசாகச் செருகுங்கள். கம்பி விறைப்பாக இருக்கக் கூடாது. விறைத்தால் வால் ஆடாது.

6. ஊரணியில் நீந்தவிட்டுப் பாருங்கள்

கடலுக்குப் போவதற்கு முந்தைய மாலை, கோர்த்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊரணிப் படித்துறைக்குப் போங்கள். குடிதண்ணீர் ஊரணி வேண்டாம், வேறு ஊரணி. ராட்டின் முனையிலிருந்து இரண்டு மீட்டர் நூல் விட்டு, இரையைப் படியோரமாக இழுத்து நடங்கள். மெதுவாக, பிறகு நடை வேகத்தில், பிறகு ஓட்டமும் நடையுமாக.

மூன்று வேகத்திலும் முதுகு மேலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் லேசாக உருளுவது நல்லது. புரண்டு வயிறு தெரிந்தால் கோணல். வேகத்தில் மட்டும் புரண்டால் ஈயம் போதவில்லை. மெதுவில் வால் ஆடாவிட்டால் வாலின் கழுத்து தடிமன். சிறு கத்தியால் இரு பக்கமும் கொஞ்சம் சீவலாம்.

ஊர்ப் பையன்கள் கூடிவிடுவார்கள், மாமா என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். கூச்சப்படாதீர்கள். என்னோடு வந்தவர்களில் இந்தப் படியைச் செய்தவர்களும் செய்யாதவர்களும் படகில் முதல் பத்து வீச்சிலேயே அடையாளம் தெரிந்துவிடுவார்கள்.

7. டிராக்கைத் தூணில் கட்டி அளவிடுங்கள்

மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நூலை விட வேண்டும் என்பதுதான் டிராக். கையால் இழுத்துப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்வது வெறும் ஊகம்.

கொக்கித் தராசு ஒன்றை வீட்டுத் தூணில் கட்டுங்கள். ஆத்தங்குடித் தரையில் நின்றுகொண்டு பர்மா தேக்குத் தூணோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். பரவாயில்லை. நூலின் முனையைத் தராசின் கொக்கியில் மாட்டி, ராட்டை வளைத்து இழுங்கள். நூல் நழுவத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று இன்னொருவர் படிக்கட்டும். 50 பவுண்டு நூல் என்றால் ஏறக்குறைய இருபத்திரண்டரைக் கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தரைக் கிலோ அளவில் நழுவ வேண்டும். ஏன் கால் பங்கு? முடிச்சில் நூலின் வலு குறையும். ராடு வளையும்போது வளையங்களில் உரசல் கூடும். ரீலில் நூல் குறையக் குறைய டிராக்கின் இழுவையும் ஏறும். மீதி முக்கால் பங்கு இவற்றுக்கெல்லாம் போய்விடும்.

8. நாள், காற்று, சட்டம்

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில், ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய, பாக் விரிகுடா கொந்தளிக்கும். புதியவர்கள் அப்போது வேண்டவே வேண்டாம். கோடையில் மேற்கிலிருந்து வீசும் காற்றில் கரையோரம் குளம்போல் தெரியும். ஏமாறாதீர்கள். தொண்டிக் கரை கிழக்கு நோக்கியது. மேற்குக் காற்று உங்களைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். துடுப்புப் படகில் போனவர்கள் திரும்ப முடியாமல் தவிப்பது இப்படித்தான். அதிகாலையில் போய், காற்று ஏறும் முன் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். காரைக்குடியிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினால் விடிவதற்கு முன் படகில் ஏறலாம்.

வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்பது இந்தக் கடலில் நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு. நாட்டுப்படகு நாளில் போங்கள். விசைப்படகு இழுத்த மறுநாள் அடிச்சேறு கலங்கிக் கிடக்கும். எந்த நாள் என்று படகுக்காரரிடமே கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது விசைப்படகுத் தொல்லை இல்லாமல் தூண்டில் போடலாம்.

போகக் கூடாத இடங்களையும் கவனமாகப் போக வேண்டிய இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா, குருசடைத் தீவும் அதில் சேர்த்தி. அங்கே தூண்டில் போடுவது குற்றம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணி தாழையை மேய்ந்துகொண்டு மேலே வந்து மூச்சுவிடும். தாழைக்கு மேல் படகை மெல்ல விடச் சொல்லுங்கள். கிழக்கே இலங்கை எல்லை. 1974 ஒப்பந்தத்தில் வரையறுத்த கோடு தண்ணீரில் தெரியாது, படகில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் அட்டை, மிதவைச் சட்டை, படகின் பதிவெண் இந்த மூன்றும் இல்லாமல் ஏறாதீர்கள். வெளியாட்களை ஏற்றலாமா என்று படகுக்காரரும் மீன்வளத் துறையில் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

வலை விரித்திருக்கும் மிதவைகளுக்கு அருகில் வீசவே கூடாது. உங்கள் முள் ஒருவருடைய வலையைக் கிழித்தால் அவருடைய அன்றைய பிழைப்பு போய்விடும்.

9. வீசுவதும் இழுப்பதும்

கனமான இரையை, விராலுக்கு வீசும் பொம்மைத் தவளைபோல் சுண்டி வீச முடியாது. இரையை ராட்டின் முனையிலிருந்து ஒரு மீட்டர் தொங்கவிட்டு, பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இரு கைகளாலும் மெல்லத் தொடங்கி வேகமெடுத்து வீசுங்கள். 8/0 முள் காதில் ஏறினால் அன்றைய பயணம் மருத்துவமனைக்குத்தான்.

இரை தண்ணீரில் விழுந்ததும் நூலின் தளர்வை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். நூல் சட்டென்று தளர்ந்தால் அடியைத் தொட்டுவிட்டது. அந்த எண்ணிக்கையை மறக்காதீர்கள். பன்னிரண்டில் அடி என்றால், அடுத்த வீச்சில் எட்டில் இழுக்கத் தொடங்கினால் நடுநீர். மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தேடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

இரை இறங்கும்போதுதான் பாதிக் கடி விழும். புதியவர்கள் அந்த நேரத்தில்தான் முகத்தைத் துடைப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். நூலை விறைப்பும் தளர்வும் அல்லாத நிலையில் வைத்து, நூல் தண்ணீரில் நுழையும் இடத்தையே பாருங்கள். அது துள்ளினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன்.

இழுப்பதில் மூன்று முறைகள் போதும். வால் ஆடும் அளவுக்கு மட்டும் ஒரே சீராகச் சுற்றுவது. ராட்டை இடுப்பிலிருந்து தோள்வரை தூக்கி, இரையை மீண்டும் இறங்க விடுவது. வஞ்சிரத்துக்கும் கட்டாவுக்கும் கை ஓயும் வேகத்தில் சுற்றி நடுவில் ஒரு கணம் நிறுத்துவது. அந்த நிறுத்தத்தில்தான் பின்தொடர்ந்து வந்தது பாயும். ஒரே முறையில் பத்து வீச்சுக்கு ஒன்றும் இல்லையென்றால் முதலில் ஆழத்தை மாற்றுங்கள், பிறகு வேகத்தை, கடைசியில் நிறத்தை. பலரும் நிறத்தில் தொடங்குகிறார்கள், பெட்டியைத் திறக்க அது ஒரு சாக்கு.

இரை திரும்பி வரும்போது வயிற்றில் வட்டமாகத் துண்டு காணாமல் போயிருந்தால் அது பேத்தை மீனின் வேலை. இடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பெட்டி காலியாகிவிடும். தப்பித்தவறி அது முள்ளில் மாட்டினால் விட்டுவிடுங்கள். விஷமுள்ள மீன், குழம்புக்கு ஆகாது.

10. கடி விழுந்தால்

விரால் தவளையைக் கவ்வினால் மூன்று எண்ணிவிட்டு மேலே வெட்டி இழுப்போம். அந்தப் பழக்கம் இங்கே மீனைத் தொலைக்கும். முதல் தட்டிலேயே வெட்டினாலும் இரை மீனின் வாயிலிருந்து பறிக்கப்பட்டுவிடும். சுற்றுவதை நிறுத்தாதீர்கள். கனம் முழுவதும் கையில் ஏறியதும், ராட்டைப் பக்கவாட்டில் நீளமாக, உறுதியாக இழுங்கள். தடித்த முள் தாடைக்குள் இறங்க வேகத்தைவிட அழுத்தம்தான் தேவை.

பிறகு அது ஓடும். ஓடட்டும். டிராக் கத்தும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நூல் உள்ளே வராது, முறுக்குத்தான் ஏறும். ரீலை விரலால் அமுக்கிப் பிடிப்பதும் வேண்டாம், பின்னல் நூல் தோலை அறுத்துவிடும். நான் முதல் பாறையோடு போராடியபோது பதற்றத்தில் ராட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். சுக்கான் பிடித்திருந்த அண்ணன், “தம்பி, ராட்டை இறக்கு. அது ஓடட்டும், நீ மூச்சு விடு” என்றார். ராடு நெற்றிக்கு மேலே போனால் வளைவு முழுவதும் மெல்லிய முனையில் விழுந்து அங்கேயே முறியும். நெஞ்சுயரம் வரை தூக்கி, இறக்கும்போது சுற்றி, மறுபடி தூக்குங்கள்.

11. படகில் ஏற்றுவது

படகருகே மீன் கடைசியாக ஒருமுறை பாயும். அதற்கு முன்பே டிராக்கை ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். நூல் குட்டையாக இருக்கும்போது நீள்வதற்கு இடமில்லை, அதிர்ச்சி முழுவதும் முடிச்சில் விழும். வலையைத் தண்ணீரில் முதலில் வைத்து, மீனின் தலையை அதற்குள் வழிநடத்துங்கள். மீனைத் துரத்தி வலை வீசினால் முள் வலையில் மாட்டிக்கொள்ளும்.

கையுறை, நீள மூக்குக் குறடு இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஊளியின் வாயருகே விரல் போகவே கூடாது. விடப்போகிற மீனுக்கு முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் நொடியில் கழற்றலாம். விடும்போது நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைக் காட்டிப் பிடியுங்கள், வால் தானாக உதைக்கும்போது கையை எடுங்கள். கரையோரச் சேற்றில் இறங்கி நடக்க நேர்ந்தால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே நடங்கள். புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும்.

கொண்டுவருகிற மீனுக்குப் பனிக்கட்டி தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். தொண்டியிலிருந்து காரைக்குடி வரும் வரை வெயிலில் காரின் பின்பெட்டி அடுப்புதான்.

12. திரும்பி வந்ததும்

தூங்கப் போவதற்கு முன் இந்த வேலை. ரீலின் டிராக்கை முழுவதும் இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்லத் தூவிக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்த பின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுகியபடியே வைத்தால் உள்ளேயிருக்கும் வட்டத்தகடுகள் ஒட்டிப்போகும். முள்ளையும் ஈயத்தலையையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். லீடரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டிய இடத்துக்கு மேலே வெட்டி எறியுங்கள்.

கிழிந்த ரப்பர் மீன்களைக் கடலில் போட்டுவிட்டு வராதீர்கள். அவை மக்காது, மீன் விழுங்கினால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். ஒரு பையில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். வெட்டி, நெருப்பில் காட்டி ஒட்டினால் ஊரணிச் சோதனைக்கு ஆகும்.

மீதமுள்ளவற்றை வந்த கூட்டிலேயே, வால் மடியாமல், படுக்கையாக வையுங்கள். நீளும் வகையையும் பிவிசி வகையையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள், ஒன்றையொன்று கரைத்துப் பிசினாக்கிவிடும். காரிலும் வைக்காதீர்கள். ஒரு சித்திரை மாதம் வாசலில் நிறுத்திய காரில் ஏழு ரப்பர் மீன்களை மறந்துவிட்டேன். மறுநாள் பெட்டியைத் திறந்தபோது ஏழும் சேர்ந்து, பதினான்கு கண்களோடு ஒரே கட்டியாக என்னைப் பார்த்தன.